முதலில் பார்த்ததை எழுதுங்கள்

ஒரு பாறையைக் காப்பாற்றுவதற்காகவே அதை மண்ணுக்குள் புதைத்தார்கள் என்றால் நம்புவீர்களா? ஸ்காட்லாந்தில் அப்படித்தான் நடந்தது.

கிளாஸ்கோ நகருக்கு மேற்கே கிளைட்பேங்க் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊரின் ஓரத்தில், மலைச்சரிவு தொடங்கும் இடத்தில், மண்ணுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது ஒரு பெரிய மணற்பாறை. ஏறத்தாழ 13 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். உங்கள் வகுப்பறையைவிடப் பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பில் சுமார் 90 செதுக்கல்கள் உள்ளன. சிறு குழிகள், குழியைச் சுற்றி ஒன்றன் வெளியே ஒன்றாக வளையங்கள், வளையங்களை வெட்டிக்கொண்டு வெளியே ஓடும் வரிப்பள்ளங்கள். காக்னோ கல் என்பது அதன் பெயர். செதுக்கியவர்கள் நான்காயிரம், ஐந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள்.

1887இல் ஜேம்ஸ் ஹார்வி என்ற பாதிரியார் இதை முதன்முதலில் ஆவணப்படுத்தினார். 1937இல் லுடோவிக் மான் என்ற ஆர்வலர் செதுக்கல்களின்மேல் பல நிறங்களில் பெயிண்ட் பூசினார். பின்னர் அருகில் குடியிருப்புகள் பெருகின. பாறையின்மேல் நடந்தார்கள், விளையாடினார்கள், தங்கள் பெயர்களையும் செதுக்கி வைத்தார்கள். பாறை நாளுக்கு நாள் தேய்வதைக் கண்ட அதிகாரிகள் 1965இல் அதன்மேல் மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின், 2016இல், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் கென்னி புரோஃபி தலைமையில் மண் முழுவதும் அகற்றப்பட்டது. ஃபாக்டம் அறக்கட்டளையின் வல்லுநர்கள் பாறையை முப்பரிமாணத்தில் பதிவு செய்தார்கள். பதிவு முடிந்ததும் மறுபடியும் மண்போட்டு மூடினார்கள்.

இன்று காக்னோ கல்லை யாரும் நேரில் பார்க்க முடியாது. நம்மிடம் இருப்பது அதன் பதிவு மட்டுமே. ஆகவே அந்தப் பதிவு நம்பத்தக்கதா என்ற கேள்வி மிகப் பெரிய கேள்வியாகிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: பழைய செதுக்கலைப் பதிவு செய்பவர் தம் கைத்தடத்தைப் பாறையில் விடக்கூடாது, தம் ஊகத்தைப் பதிவில் கலக்கக்கூடாது. கேட்பதற்கு எளிதாக இருக்கும். செய்து பாருங்கள், எவ்வளவு கடினம் என்று தெரியும்.

அம்மி கொத்தியதுபோல

முதலில் இந்தச் செதுக்கல்கள் எப்படி உருவாயின என்று பார்ப்போம். பாட்டி வீட்டு அம்மியைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? அதன்மேல் புள்ளி புள்ளியாகக் கொத்திய தடங்கள் இருக்கும். அரைத்து அரைத்து அம்மி வழவழப்பாகிவிட்டால் மிளகாய் சரியாக அரைபடாது. அதனால் உளியை வைத்துத் தட்டித் தட்டி மறுபடியும் சொரசொரப்பாக்குவார்கள். அம்மி கொத்துவது என்று சொல்வார்கள்.

காக்னோ கல்லில் நடந்ததும் ஏறத்தாழ அதுவே. வேறுபாடு ஒன்று: அவர்களிடம் இரும்பு உளி இல்லை. கடினமான கல்லை எடுத்து, மென்மையான மணற்பாறையில் திரும்பத் திரும்பக் கொத்தினார்கள். ஒவ்வோர் அடியிலும் சில மணல் துகள்கள் உதிரும். நூற்றுக்கணக்கான அடிகள் விழுந்தால் ஒரு குழி. பொறுமையாக அடித்துக்கொண்டே வட்டமாகச் சுற்றிவந்தால் ஒரு வளையம்.

இங்கே ஓர் அறிவியல் சிக்கலைக் கவனியுங்கள். செதுக்குவது என்றால் கல்லிலிருந்து எடுப்பது. கல்லில் எதையும் சேர்ப்பதில்லை. ரேடியோகார்பன் முறையில் வயதைக் கணக்கிட, ஒருகாலத்தில் உயிரோடிருந்த பொருளிலிருந்து வந்த கரிமம் தேவை. வெறும் குழியில் அது ஏது? ஓவியமாக இருந்தால் சில சமயம் வழி உண்டு. சரவாக்கில் உள்ள குவா சிரே குகையில் மரக்கரியால் வரையப்பட்ட படங்கள் இருக்கின்றன. கரி என்பது கரிமம்தானே? அவற்றில் சிலவற்றை ஆராய்ந்து, கி.பி. 1670க்கும் 1830க்கும் இடைப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கணித்து 2023இல் வெளியிட்டார்கள். பாறைச் செதுக்கலுக்கு இப்படி நேரடியாக வயது பார்க்க முடிவதில்லை. அருகில் புதைந்துள்ள பொருள்கள், செதுக்கலை மூடியிருக்கும் கல்மேடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக வெட்டிய வரிகளின் வரிசை போன்ற சுற்றுச் சான்றுகளை வைத்துத்தான் காலத்தைக் கணிக்க வேண்டும்.

ஆகவே பாறையின் மேற்பரப்பே முதன்மைச் சான்று. எந்த வரி எந்த வரியை வெட்டிக்கொண்டு போகிறது, கொத்திய தடம் கூர்மையாக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா என்ற செய்திகள் அனைத்தும் சில மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கின்றன. அந்தச் சில மில்லிமீட்டரைத் தேய்த்துவிட்டால் மீட்க வழியில்லை.

பெயிண்ட் அடித்தவர் செய்தது என்ன?

லுடோவிக் மானைக் குறும்புக்காரராக நினைத்துவிடாதீர்கள். பழமையின்மேல் உண்மையான பற்றுக் கொண்டவர். செதுக்கல்கள் எல்லாருக்கும் தெளிவாகத் தெரியட்டும் என்று எண்ணினார். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. பழங்கால மக்களின் வானியல் பற்றியும் அளவுமுறைகள் பற்றியும் அவருக்குச் சொந்தக் கொள்கைகள் இருந்தன. அந்தக் கொள்கைக்கு ஏற்ற கட்டக்கோடுகளையும் பாறையின்மேலேயே வரைந்துவிட்டார்.

அந்த நாளில் அங்கே போன ஒருவரின் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். பளிச்சென்று வண்ணக் கோடுகள் தெரிகின்றன. அவற்றில் எது ஐயாயிரம் ஆண்டுப் பழமை, எது 1937ஆம் ஆண்டு மனிதரின் எண்ணம்? பெயிண்ட் பூசாத இடத்தில் மங்கலான செதுக்கல் ஏதேனும் இருந்தால் உங்கள் கண் அதைத் தேடுமா? தேடாது. வண்ணம் எங்கே கூப்பிடுகிறதோ அங்கேதான் கண் போகும்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு 'உற்றறிதல்', 'ஊகித்தல்' என்ற இரண்டு சொற்கள் நினைவிருக்கும். அறிவியல் செயற்பாங்குத் திறன்களில் இவை வரும். இடைநிலைப்பள்ளியில் 'பெமெர்ஹாத்தியான்', 'இன்ஃபெரன்ஸ்' என்று மலாயில் எழுதுகிறீர்கள். தேர்வில் இவற்றைத் தனித்தனி வரியில் எழுதாவிட்டால் மதிப்பெண் குறையும். ஏன் இந்த அளவுக்குக் கண்டிப்பு என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். காக்னோ கல்தான் அதற்கு நல்ல பதில்.

"ஒரு குழி, அதைச் சுற்றி ஐந்து வளையங்கள், வெளிவளையத்தின் விட்டம் இத்தனை சென்டிமீட்டர்." இது உற்றறிதல். யார் போய் அளந்தாலும் ஏறத்தாழ அதே விடை வரும். "இது சூரியனின் படம்." இது ஊகித்தல். இன்னொருவர் நீரில் கல் விழுந்தபோது எழும் அலை என்பார். வேறொருவர் வீட்டு எல்லை என்பார். விண்மீன் வரைபடம், சடங்கு இடம், வழிகாட்டிக் குறி என்று குழி-வளையச் செதுக்கல்களுக்குச் சொல்லப்பட்ட விளக்கங்கள் ஏராளம். எதுவும் நிறுவப்படவில்லை.

ஊகிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. ஊகம் இல்லாமல் அறிவியல் ஓர் அடிகூட நகராது. ஆனால் ஊகம் மாறும், மாறவும் வேண்டும். உற்றறிந்தது மாறாமல் இருந்தால்தான் நாளைக்கு வருபவர் பழைய ஊகத்தைத் தள்ளிவிட்டுப் புதிய ஊகத்தைச் சோதிக்க முடியும். மான் தம் கொள்கையை ஒரு தாளில் எழுதியிருந்தால் நாம் படித்துவிட்டு ஏற்கலாம், மறுக்கலாம். அவர் பாறையில் எழுதினார். 2016இல் மண்ணை அகற்றியபோதும் அந்தப் பெயிண்டின் எச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

சுண்ணக்கட்டி வேண்டாம், ஒளி போதும்

"அப்படியானால் மங்கிப்போன செதுக்கலை எப்படிப் பார்ப்பது?" என்று நீங்கள் கேட்கலாம். முன்பெல்லாம் வரிப்பள்ளங்களில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் படம் பிடிப்பார்கள். தாளை விரித்து மெழுகால் தேய்த்துப் படி எடுப்பார்கள். அச்சு எடுக்க ரப்பர்ப் பாலை ஊற்றியவர்களும் உண்டு. இவை ஒவ்வொன்றும் பாறையைத் தொடுகின்றன, உரசுகின்றன, மேற்பரப்பில் எதையாவது விட்டுவிட்டுப் போகின்றன. சுண்ணக்கட்டிக்கு இன்னொரு குறையும் உண்டு. கோடு போடுபவர் எங்கே போட முடிவு செய்கிறாரோ அங்கேதான் செதுக்கல் 'தெரியும்'. அதாவது உற்றறிவதற்கு முன்பே ஊகம் நுழைந்துவிடுகிறது.

பாறையைத் தொடாத கருவி ஒன்று இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து வரும் ஒளி. சாய்வொளி என்று வைத்துக்கொள்வோம்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். படிவம் 3 கணிதத்தில் டேன்ஜெண்ட் படித்திருப்பீர்கள். நிழலின் நீளம் என்பது விளிம்பின் உயரத்தை, ஒளி வரும் கோணத்தின் டேன்ஜெண்ட் மதிப்பால் வகுத்தால் கிடைப்பது. செதுக்கலின் ஆழம் வெறும் 2 மில்லிமீட்டர் என்று கொள்வோம். ஒளி 60 பாகை உயரத்திலிருந்து விழுந்தால் நிழல் 1.2 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குப் பிடிபடாது. அதே ஒளியை 10 பாகைக்கு இறக்கினால் நிழல் 11 மில்லிமீட்டர். 5 பாகைக்கு இறக்கினால் ஏறத்தாழ 23 மில்லிமீட்டர். பள்ளம் முழுவதும் இருண்டு, பாறையில் கறுப்பு மையால் வரைந்ததுபோல் தெளிவாகத் தெரியும். பாறை மாறவில்லை, ஆழமும் மாறவில்லை. விளக்கு வைத்த இடம் மட்டுமே மாறியது.

கோலாலம்பூரில் ஆண்டின் எந்த நாளிலும் நண்பகல் சூரியன் 60 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே நம் நாட்டில் உச்சிவெயிலில் பாறையைப் பார்ப்பது மிக மோசமான நேரம். காலையும் மாலையும் நல்லது. இருட்டில் கைவிளக்கைத் தரையோடு ஒட்டிப் பிடிப்பது அதைவிட நல்லது.

இந்த எளிய உத்தியின் வலிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஸ்காட்லாந்தின் கில்மார்ட்டின் பள்ளத்தாக்கில் டன்கிரேகைக் என்ற பழைய கல்மேட்டுக் கல்லறை உள்ளது. ஆய்வாளர்களும் சுற்றுலாப் பயணிகளும் காலங்காலமாக வந்துபோகும் இடம். அதனுள் மூடுகல்லின் அடிப்பக்கத்தில் கொம்புடைய மான்களின் செதுக்கல்கள் இருப்பது 2021இல்தான் உலகுக்குத் தெரிந்தது. ஒருவர் கைவிளக்கோடு உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தபோது அவை கண்ணில் பட்டன. ஸ்காட்லாந்தில் அந்தக் காலத்துக்குரிய விலங்குச் செதுக்கல்கள் தெளிவாக அறியப்பட்டது அதுவே முதன்முறை. பலர் வந்துபோன இடம் என்பதால் அங்கே பார்க்க வேண்டியது தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஒளி சரியான பக்கத்திலிருந்து விழ வேண்டும். பார்ப்பவருக்குப் பொறுமையும் வேண்டும்.

அளவுகோல் இல்லாத படம்

2016இல் காக்னோ கல்லைப் பதிவு செய்த முறைகளில் முக்கியமானது போட்டோகிராமெட்ரி. பெயர் பெரிதாக இருந்தாலும் கருத்து உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு விரலை முகத்துக்கு முன் நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். அருகில் உள்ளது அதிகம் நகரும், தொலைவில் உள்ளது குறைவாக நகரும். அந்த நகர்வை வைத்துத்தான் நம் மூளை தூரத்தைக் கணிக்கிறது.

கணினியும் இதையே செய்கிறது. பாறையைச் சுற்றிப் பல இடங்களிலிருந்து, ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் வரும்படி, ஏராளமான படங்கள் எடுக்க வேண்டும். ஒரே புள்ளி வெவ்வேறு படங்களில் எங்கே விழுந்திருக்கிறது என்று மென்பொருள் கண்டுபிடித்து, அந்தப் புள்ளி வெளியில் எங்கே இருக்கிறது என்று கணக்கிடும். இலட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்தால் பாறையின் முப்பரிமாண வடிவம் கிடைத்துவிடும். பிறகு கணினித் திரையில் எந்தப் பக்கத்திலிருந்தும் செயற்கை ஒளியைச் சாய்த்து விழச்செய்து பார்க்கலாம். நிறத்தை முற்றிலும் நீக்கிவிட்டு மேடு பள்ளத்தை மட்டும் பார்க்கலாம். மானின் பெயிண்டை இப்படித் திரையில் அகற்றிவிட முடியும்; பாறையைத் தேய்க்க வேண்டியதில்லை.

ஆனால் இதில் மாணவர்கள் அறிய வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. வெறும் படங்களிலிருந்து கணினிக்கு வடிவம் கிடைக்கும், அளவு கிடைக்காது. 13 மீட்டர்ப் பாறையும் 13 சென்டிமீட்டர்ப் பொம்மைப் பாறையும் அதற்கு ஒன்றே. பக்கத்தில் அளவுகோல் ஒன்றை வைத்துப் படம் எடுத்தால்தான் உண்மையான அளவு வரும். எத்தனை விலையுயர்ந்த கருவியாக இருந்தாலும், பத்து ரிங்கிட்கூட விலையில்லாத அளவுகோலை வைக்க மறந்தால் பதிவு பாதிப் பதிவுதான்.

நல்ல பதிவுத்தாளில் வேறு என்னென்ன இருக்கும்? இடத்தின் ஆயங்கள், வடக்குத் திசை, பாறையின் வகை, சரிவு எந்தப் பக்கம் எத்தனை பாகை, செதுக்கல்களின் எண்ணிக்கையும் அளவும், பதிவு செய்த நாள், நேரம், ஒளியின் நிலை, பதிவு செய்தவரின் பெயர். பாறையில் படர்ந்துள்ள லைக்கன், விரிசல், உதிர்ந்த பகுதி ஆகியவையும் குறிக்கப்படும். லைக்கனைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். கூடாது. அதன் நுண்ணிழைகள் பாறையின் துகள்களுக்கிடையே இறங்கியிருக்கும்; சுரண்டினால் பாறையும் சேர்ந்து வரும்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்றுண்டு. 2016 குழுவினர் பழைய செதுக்கல்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அங்கே வந்தவர்கள் கீறிய பெயர்களையும், மானின் பெயிண்ட் எச்சங்களையும் சேர்த்தே பதிவு செய்தார்கள். அவை அழகாக இருந்ததற்காக அல்ல, அங்கே இருந்ததற்காக. தமக்குப் பிடித்ததை மட்டும் எழுதிப் பிடிக்காததை விட்டுவிட்டால், அதுவும் ஊகத்தைப் பதிவில் கலப்பதுதான்.

பதிவு இருந்தால் பாறை எதற்கு?

சிலர் வேறு விதமாக வாதிடுவார்கள். "எல்லாம் கணினியில் வந்துவிட்டதே, இனிப் பாறை இருந்தால் என்ன, போனால் என்ன?" இது ஆபத்தான வாதம். குன்றை வெட்டிக் கல் எடுக்க விரும்புபவருக்கும், நிலத்தைச் சமன்படுத்த விரும்புபவருக்கும் வசதியான வாதம். இதற்கு விடை நம் நாட்டிலேயே இருக்கிறது.

ஈப்போவுக்கு அருகே சுண்ணாம்புக்கல் குன்று ஒன்றின் செங்குத்துச் சுவரில் குவா தம்புன் ஓவியங்கள் உள்ளன. இவை செதுக்கல்கள் அல்ல; பெரும்பாலும் செந்நிறக் கனிமச் சாயத்தால் தீட்டியவை. 1959இல் அவசரகாலச் சுற்றுக்காவலின்போது கூர்க்காப் படைப்பிரிவின் அதிகாரி ஒருவர் இவற்றைக் கண்டார். அதன்பின் பலர் பார்த்தார்கள், எழுதினார்கள். 2009இல் நோயல் ஹிடால்கோ டான், ஸ்டீபன் சியா ஆகிய ஆய்வாளர்கள் மறுபடியும் முழுமையாகப் பதிவு செய்தபோது 600க்கும் மேற்பட்ட உருவங்களைக் கணக்கிட்டார்கள். பழைய பதிவுகளில் இருந்தவற்றைவிட இது பல மடங்கு அதிகம். இலக்கப் படங்களும், மங்கிய நிறங்களைக் கணினியில் தூக்கிக் காட்டும் முறைகளும் இப்போது ஆய்வாளர்களிடம் இருக்கின்றன. 1959இல் அவை இல்லை.

1959இல் எழுதிய குறிப்பே போதும் என்று அந்தச் சுவரை உடைத்திருந்தால் நூற்றுக்கணக்கான உருவங்கள் இருந்ததே தெரியாமல் போயிருக்கும். ஆகவே பதிவு என்பது நாம் இன்று வைத்திருக்கும் கருவிகளால் பார்க்க முடிந்தது மட்டுமே. நாளைய மாணவர் நாளைய கருவியோடு வருவார். அவருக்காகப் பாறை அங்கே இருக்க வேண்டும். காக்னோ கல்லை 2016இல் அத்தனை நுட்பமாகப் பதிவு செய்த பிறகும் அதை மண்ணால் மூடிக் காத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அதே சமயம், புதைத்துவிடுவதே தீர்வு என்றும் நான் சொல்ல மாட்டேன். அரை நூற்றாண்டு மண்ணுக்குள் இருந்ததால் அந்தப் பாறையைத் தொட்டு விளையாடிய தலைமுறைக்குப் பின் வந்த பிள்ளைகளுக்கு, தங்கள் வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதே நேரில் தெரியாமல் போனது. மக்கள் பார்க்க முடியாத ஒன்றின்மேல் பற்று வைப்பது கடினம். மக்களைப் பாறையிலிருந்து விரட்டுவதைவிட அவர்களைப் பதிவாளர்களாக ஆக்குவதே சிறந்த காவல் என்பது என் கருத்து.

இது வெறும் ஆசை இல்லை, நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து பகுதியில் பாறைச் செதுக்கல்களைப் பல பத்தாண்டுகள் தேடித் தேடிப் பதிவு செய்தவர் ஸ்டான் பெக்கன்சால். அவர் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். அவர் சேர்த்த வரைபடங்களும் படங்களும் பின்னர் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் வழியாக 2005இல் இணையத்தில் எல்லாருக்கும் கிடைத்தன. ஸ்காட்லாந்தில் 2017 முதல் 2021 வரை நடந்த பாறைச் செதுக்கல் திட்டம் ஊர்மக்களைக் குழுக்களாகச் சேர்த்து, அளக்கவும் போட்டோகிராமெட்ரி செய்யவும் பயிற்சி கொடுத்தது. அந்த நாட்டில் அறியப்பட்ட செதுக்கல் பாறைகள் 3,000க்கும் அதிகம். விரல்விட்டு எண்ணக்கூடிய பேராசிரியர்கள் மட்டும் மலையேறி முடிக்கும் வேலையா அது?

பதிவு செய்பவருக்குப் பட்டம் கட்டாயமில்லை. ஒழுங்கு கட்டாயம். தாம் கண்டதைக் கண்டபடி எழுதுவது, சரியாகத் தெரியாத இடத்தில் 'மங்கலாக உள்ளது' என்று குறிப்பது, இன்னொருவர் வந்து சரிபார்க்க இடம்விடுவது. இந்த மூன்றும் இருந்தால் பதினைந்து வயது மாணவியின் பதிவும் சான்றாகும். இவை இல்லாவிட்டால் பேரறிஞரின் பதிவும் வெறும் கதைதான்.

வீட்டிலேயே தொடங்கலாம்

பயிற்சிக்கு ஸ்காட்லாந்து போக வேண்டாம். வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய அம்மி இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் ஒரு நாணயம். இரவில் மின்விளக்கை அணையுங்கள். அம்மியின் அருகில் ஓர் அளவுகோலை வையுங்கள். கைவிளக்கை முதலில் மேலே பிடித்து ஒரு படம். பிறகு தரையோடு சாய்த்து, வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நான்கு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம். ஐந்து படங்களையும் ஒப்பிடுங்கள். ஒரே கல் ஐந்து வேறு கற்களைப்போல் தெரியும்.

இப்போது ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் நினைத்தது. "நடுப்பகுதியில் புள்ளிகள் மழுங்கியுள்ளன, ஓரத்தில் கூர்மையாக உள்ளன" என்பது இடப்பக்கம். "நடுவில்தான் அதிகம் அரைத்திருப்பார்கள்" என்பது வலப்பக்கம். பிறகு நீங்கள் எழுதியதைக் காட்டாமல், அதே கல்லை உங்கள் நண்பரிடம் கொடுத்துத் தனியாக எழுதச் சொல்லுங்கள். இருவரின் இடப்பக்கமும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். ஒத்துப்போகாத இடத்தில் சண்டை போடாமல் விளக்கை எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லிடம் போங்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியது கல்தான்.

பள்ளிப் பயணத்திலோ குடும்பத்தோடு மலையேறும்போதோ குகைச் சுவரில் பழைய ஓவியம், செதுக்கல் போன்ற ஏதாவது கண்ணில் பட்டால் என்ன செய்வது? தொடாதீர்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், தண்ணீர் பட்டால் நிறம் ஒரு நிமிடம் பளிச்சென்று தெரியும், ஆனால் திரும்பத் திரும்ப நனைத்தால் ஓவியம் பாழாகும். பக்கத்தில் பேனா, சாவி என்று அளவு தெரிந்த ஒரு பொருளைச் சுவரில் படாமல் வைத்துப் படம் எடுங்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 'ஆயிரம் ஆண்டு மர்மம்' என்று தலைப்புப் போட்டு இடத்தின் வரைபடத்தோடு புலனக் குழுக்களில் பரப்பாதீர்கள்; அடுத்த வாரமே அங்கே பெயர் கீறுபவர்கள் போய்ச்சேர்வார்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள். நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம், பாரம்பரியப் பொருளைக் கண்டவர் அதைப் பாரம்பரிய ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. பெரியவர்கள் துணையோடு அதைச் செய்வது உங்களால் முடிந்த காரியம்தான்.

குவா தம்புன் சுவரிலும் பிற்காலத்தவர் கிறுக்கிய பெயர்கள் உண்டு. "நானும் இங்கே வந்தேன்" என்று சொல்ல ஆசைப்பட்டவர்கள் அவர்கள். அந்த ஆசையில் தவறில்லை. அதை எழுதிய இடம்தான் தவறு. ஒழுங்காக எழுதிய ஒரு பதிவுத்தாளின் கீழே உங்கள் பெயரும் நாளும் இருக்கும். நூறு ஆண்டுகள் கழித்து ஒருவர் அதைக் கையில் எடுத்து, பாறையின் முன் நின்று, நீங்கள் எழுதியது சரிதானா என்று ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார். அந்தச் சோதனையில் தேறும்படி எழுதுங்கள்.